ஒரு கல்லூரி ஹாக்கி அணியும் பயிற்சியாளர் எழுதிய நான்கு வரிகளும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் ஹாக்கி அணியில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டப் பருவங்களில் நடந்தவை இங்கே பதிவாகின்றன. வட்டார ஆட்டங்களுக்கு நடுவராகப் போய்வரும் எனக்கு அந்த அணியின் பயிற்சிகளையும் பக்கத்திலிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. பயிற்சியாளர் தம் குறிப்பேட்டையும் படிக்கக் கொடுத்தார். மாணவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் பெயர்களையும் சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

கல்லூரிக்கு வரும் ஹாக்கி மாணவர்களில் பாதிப்பேர் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அந்த ஊருக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தெருவுக்குத் தெரு கிளப் அணிகள், செயற்கைப் புல்தரை மைதானம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி, வெளிமாநில அணிகள் வந்து ஆடும் அகில இந்தியப் போட்டி என்று எல்லாம் அங்கே உண்டு. 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய எஸ். மாரீஸ்வரனும் கார்த்தி செல்வமும் அங்கே பயிற்சி பெற்றவர்கள். ஆகவே கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கு ஸ்டிக் பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏழெட்டு ஆண்டுகளாகப் பலரிடம் பலவிதமாகக் கற்றவர்களை ஒரே அணியாக ஆடவைப்பதுதான் பயிற்சியாளரின் வேலை.

பயிற்சியாளருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பல்கலைக்கழக அணிக்கு ஹாஃப் எனும் நடுக்கள நிலையில் ஆடியவர், தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் பட்டயம் பெற்றவர். கல்லூரி அவரைத் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. உடற்கல்வி இயக்குநர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள, களம் முழுவதும் இவர் பொறுப்பு.

மாணவர்கள் எதற்காக ஆடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விருப்பம் இருக்கிறது, அதோடு சான்றிதழும் இருக்கிறது. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால், ரயில்வே, காவல்துறை, அஞ்சல் துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் ஒரு மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை. அணித் தேர்வில் ஒருவரை வெளியே உட்காரவைக்கும் ஒவ்வொரு முடிவும் ஒரு குடும்பத்தின் கணக்கைத் தொடுகிறது. இது தெரியாமல் கல்லூரி ஹாக்கியைப் பற்றிப் பேச முடியாது.

முதல் பருவத்தில் கண்டவை

பயிற்சியாளர் உழைப்பாளி. மாணவர்கள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து கூம்புகளை வைத்துவிடுவார். வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்ப்பார், குறிப்பெடுப்பார். சிக்கல் அந்தக் குறிப்புகளிலேயே இருந்தது. ஒரு வாரம் ஆஸ்திரேலிய அணியைப் போல எதிரணியின் எல்லையிலேயே நெருக்கும் ஆட்டம். அது ஒரு நட்பு ஆட்டத்தில் எடுபடாமல் போனதும், அடுத்த வாரம் எல்லோரும் நடுக்கோட்டுக்குப் பின்னால் இறங்கி நிற்கும் ஆட்டம். பிறகு ஆளுக்கு ஆள் பிடிக்கும் பழைய முறை. ஒவ்வொன்றும் நல்ல முறைதான். ஆனால் ஒன்று ஊறுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

ஆட்டங்களின்போது கோட்டுக்கு வெளியே நின்று இடைவிடாமல் குரல் கொடுப்பார். “ஏறு தம்பி”, “இறங்கு”, “லெஃப்ட் பார்”, “பந்தைக் கொடு” என்று நிற்காமல் ஓடும். மாணவர்கள் பந்து வரும்போது எதிரணியைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். நடுவராக நின்று பார்க்கும்போது இது பளிச்சென்று தெரியும்: பந்தை நிறுத்திய மாணவரின் கண் முதலில் பக்கவாட்டுக் கோட்டுக்குப் போகும். அந்த ஒரு கணத்தில் எதிராளி வந்துவிடுவார்.

பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி மைதானத்தைச் சுற்றி ஓடுவதில் போனது. மாலை வகுப்பு முடிந்து மாணவர்கள் சேர நாலரை ஆகிவிடும். ஆறே காலுக்கெல்லாம் வெளிச்சம் குறையும். அந்தக் குறுகிய நேரத்தில் ஓட்டமும் உடற்பயிற்சியும் போக, பந்தோடு இருக்கும் நேரம் சொற்பமே. ஏன் இவ்வளவு ஓட்டம் என்று கேட்டேன். தம் பயிற்சியாளர்கள் அப்படித்தான் தம்மை ஆக்கினார்கள் என்றார்.

அரையிறுதி

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதியில் இந்த அணி கடைசிக் குவார்ட்டர் வரை 2-1 என்று முன்னிலையில் இருந்தது. நடுக்கள மாணவர் ஒருவர் பச்சை அட்டை பெற்று 2 நிமிடம் வெளியேறினார். பத்துப் பேராக நின்ற அந்த 2 நிமிடத்தில் அணி இரண்டாகப் பிளந்தது. முன்கள வீரர்கள் எதிரணியின் எல்லையில் துரத்திக்கொண்டிருந்தார்கள். பின்கள வீரர்கள் தங்கள் கோலைச் சுற்றியுள்ள டி வட்டத்துக்கு முன்னால் இறங்கி நின்றார்கள். நடுவே யாருமில்லாத பெரிய வெற்றிடம். எதிரணி அதன் வழியாக நடந்தே வந்தது என்று சொல்லலாம். பெனால்டி கார்னர், கோல், 2-2.

சமனில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து தனியாகப் பந்தை எடுத்து வந்து 8 விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டும். யார் அடிக்கிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டார். கையைத் தூக்கியவர்கள் மூன்றாமாண்டு மாணவர்கள். பயிற்சியில் அதை நன்றாகச் செய்துவந்த முதலாமாண்டு மாணவர் ஒருவர் பின்னால் நின்றுகொண்டார்; அவரை யாரும் கூப்பிடவில்லை. அணி தோற்றது.

தோல்வியைவிட அதற்குப் பிறகு நடந்ததே இந்த ஆய்வுக்கு முக்கியம். மறுவாரம் பயிற்சியாளர் மாணவர்களிடம் துண்டுத்தாள் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பந்து நம்மிடம் இல்லாதபோது நம் அணி என்ன செய்யும்?” பெயர் எழுத வேண்டாம் என்றார். வந்த விடைகளை அவர் குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கிறார். “பின்னால் வருவோம்.” “பந்து வைத்திருப்பவனை நெருக்குவோம்.” “என் ஆளை நான் பிடிப்பேன்.” ஒருவர் “ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்” என்று எழுதியிருந்தார். மூன்று பேர் ஏறக்குறைய ஒரே விடையை எழுதியிருந்தார்கள்: “சார் சொல்வதைச் செய்வோம்.”

இந்த மூன்று தாள்கள்தான் அவரை உலுக்கின. கீழ்ப்படிதல் என்று அதை எடுத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கலாம். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “பத்துப் பேராக ஆடிய அந்த 2 நிமிடத்தில் நான் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. விழாதபோது அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை” என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறார்.

எழுதத் தொடங்கியது

கோடை விடுமுறையில் தம் பயிற்சிக் கொள்கை என்ன என்று எழுதத் தொடங்கினார். முதல் வரைவு இரண்டு பக்கம். ஒழுக்கம், கடின உழைப்பு, ஒற்றுமை, ஒருபோதும் விட்டுக்கொடுக்காத மனம். அதைப் படித்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “தம்பி, இதில் எதையாவது வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர் நம் மாவட்டத்தில் உண்டா?” இல்லை. அப்படியானால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது என்றார் அவர்.

இரண்டாம் வரைவுக்குப் பயிற்சியாளர் தமக்குத் தாமே ஒரு விதி வைத்துக்கொண்டார்: எழுதும் ஒவ்வொரு வரியும் எதையாவது கைவிட வேண்டும். எதைக் கைவிடுகிறோம் என்று சொல்ல முடியாத வரியை அடித்துவிட வேண்டும். பல நாள் அடித்தலுக்குப் பிறகு நான்கு வரிகள் மிஞ்சின.

ஒன்று: பந்தை இழந்த இடத்திலேயே 5 விநாடி துரத்துவோம், கிடைக்காவிட்டால் எல்லோரும் நடுக்கோட்டுக்குப் பின்னால் கூடுவோம்.

இரண்டு: யார் ஆடுவது என்பதை அந்த வாரத்துப் பயிற்சி முடிவு செய்யும்.

மூன்று: ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பவர் ஆடுபவர், ஆளை மாற்றுவதைத் தவிர நான் வெளியிலிருந்து குரல் கொடுக்க மாட்டேன்.

நான்கு: பட்டம் வாங்காமல் எவரும் இங்கிருந்து போகக் கூடாது, அரியர் இருப்பவருக்குத் தேர்வு மாதத்தில் பயிற்சி பாதி.

முதல் வரி எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு சீராக வரும். வாங்குபவர் தலையை நிமிர்த்தி அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம். செம்மண் தரையில் கடைசி நொடியில் ஒரு சரளைக்கல் பந்தைத் துள்ளவைக்கும். அதனால் வாங்குபவர் பந்து ஸ்டிக்கில் படும்வரை குனிந்தே இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் 2 விநாடி போய்விடும். கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் பல இன்னமும் மண் தரையில்தான் நடக்கின்றன. ஆகவே பந்தை இழந்தவுடன் துரத்துவது இந்தத் தரையில் மற்ற இடங்களைவிட அதிகப் பலன் தரும் என்பது அவர் கணக்கு. வெளிநாட்டு அணியிடமிருந்து எடுத்த யோசனை, ஆனால் தம் மைதானத்தின் சரளையை வைத்து அளந்து எடுத்தது. தரை மாறினால் ஆட்டம் மாறும் என்பதை இந்திய ஹாக்கி பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1928 முதல் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா, செயற்கைத் தரை முதன்முதலாக வந்த 1976 மான்ட்ரியாலில் ஏழாவது இடத்துக்குப் போனது. எதிர்த்திசையிலும் அதே பாடம் உண்டு என்பதை இவர் பார்த்தார்: செயற்கைத் தரைக்கு எழுதிய ஆட்டத்தை அப்படியே மண்ணில் ஆட முடியாது.

நான்காம் வரி சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. இவரோடு பல்கலைக்கழக அணியில் ஆடிய நண்பர் ஒருவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் நிலை இருந்தது. இரண்டு தாள் அரியர் நின்றதால் பட்டம் கையில் இல்லை. அந்த நண்பர் இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவரைவிடச் சிறந்த லெஃப்ட் ஹாஃபைத் தாம் பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் எழுதியிருக்கிறார்.

வரிகளைப் பயிற்சியாக மாற்றியது

மைதானத்தைச் சுற்றும் ஓட்டம் நின்றது. அந்த நேரத்தில் 23 மீட்டர் பகுதிக்குள் நாலுக்கு நாலு ஆட்டம் வந்தது. பந்தை இழந்த அணி ஐந்து எண்ணும்வரை துரத்த வேண்டும். எண்ணிக்கையைக் கோல்கீப்பர் சத்தமாகச் சொல்வார். ஐந்துக்குள் மீட்டால் ஒரு புள்ளி. மீட்காவிட்டால் நால்வரும் குறித்த கோட்டுக்குப் பின்னால் வந்தாக வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் எதிரணிக்குப் புள்ளி. முன்பு ஓட்டத்தில் சலித்துக்கொண்டவர்கள் இதில் மூச்சிரைக்க ஓடினார்கள். ஹாக்கியில் ஓட்டம் என்பதே நின்று நின்று பாய்வதுதான். ஒரே சீராகச் சுற்றிவருவது அதற்குப் பயிற்சி ஆகாது என்பது என் கருத்தும்கூட.

துரத்தும் ஆட்டம் உடலைப் பிழியும். மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய்வரலாம் என்ற விதி 1990களிலேயே வந்துவிட்டாலும், பல கல்லூரி அணிகள் இன்னும் முதல் பதினொருவரைக் களைத்து விழும்வரை ஆடவைக்கின்றன. இவர் முன்கள மூவரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றத் தொடங்கினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு உண்மையான வேலை வந்தது. சான்றிதழ் கனவோடு வந்து ஆண்டு முழுவதும் தண்ணீர்ப் பாட்டில் தூக்கிய மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மாற்றம் எனக்குத் தனிப்பட்ட முறையில் நிறைவைத் தந்தது.

பெனால்டி கார்னரிலும் ஒரு தெளிவு வந்தது. அதில் பின்கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை டி வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்த, இன்னொருவர் கோலை நோக்கி அடிப்பார். மண் தரையில் பந்தைச் சுத்தமாக நிறுத்துவது சீட்டுக்குலுக்கல் போல. நிறுத்த முடியாவிட்டால், பந்தை ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டி எறியும் டிராக் ஃப்ளிக் இல்லை. எனவே மண் தரை ஆட்டங்களுக்குத் தாழ்வான ஹிட், பக்கவாட்டில் தள்ளிக்கொடுத்து அடிப்பது என்று இரண்டே வகை. முதல் அடி ஹிட்டாக இருந்தால் கோல் பலகையின் உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால், தாழ அடிக்கும் பழக்கம் விதிக்கும் பொருந்தியது. டிராக் ஃப்ளிக்கை, செயற்கைத் தரை கிடைக்கும் காலைகளுக்கு ஒதுக்கினார்கள்.

செலவிலும் கொள்கை தெரிந்தது. அந்த ஆண்டு ஒதுக்கிய பணத்தில் கல்லூரிச் சின்னம் பொறித்த புதிய ஜெர்சி வாங்கலாம் என்பது நிர்வாகத்தின் விருப்பம். எதிரணியின் கார்னரைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடும் மாணவர் முகத்துக்குக் கவசமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் முகக்கவசங்களும் முழங்கால் காப்புகளும் வாங்கினார். பழைய ஜெர்சியே தொடர்ந்தது. இதை உடற்கல்வி இயக்குநர் மேலிடத்தில் விளக்க வேண்டியிருந்தது, விளக்கினார்.

இரண்டாம் வரிக்கு வந்த சோதனை

அணியின் சென்டர் ஃபார்வர்டு இரண்டாமாண்டு மாணவர். முந்தைய பருவத்தில் அதிகக் கோல் அடித்தவர். இரண்டாம் பருவம் தொடங்கிய சில வாரங்களில் அவர் மாலைப் பயிற்சிக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு “வேலை இருக்கு சார்” என்பதோடு சரி.

முதல் சுற்று ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரை ஆடவைக்கவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்து, ஷூட்-அவுட்டில் தட்டுத்தடுமாறி வென்றார்கள். அன்று மாலையே அழைப்புகள் வந்தன. முன்னாள் மாணவர் ஒருவர் “இருக்கிற ஒரே ஸ்ட்ரைக்கரை உட்காரவைத்து என்ன நிரூபிக்கிறீர்கள் மாஸ்டர்?” என்று கேட்டார். முதல்வர் நயமாக, ஆனால் அழுத்தமாக, கோப்பை வந்து பல ஆண்டுகள் ஆனதை நினைவுபடுத்தினார். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இப்படிப்பட்ட நினைவூட்டல் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மைக் காரணத்தைச் சொன்னவர் கேப்டன். மாணவரின் தந்தைக்கு உடல்நிலை மோசமாகி, குடும்பத்தின் டீக்கடையை மாலை நேரத்தில் இவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை நான்கு முதல் எட்டு வரைதான் கடையில் வியாபாரம். வீட்டுக் கஷ்டத்தைச் சலுகை கேட்பதற்குப் பயன்படுத்துவது போலாகிவிடும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சியாளர் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. விதி விதிதான் என்று நிற்கலாம். அல்லது இவருக்கு மட்டும் விலக்கு என்று சொல்லலாம். முதலாவது அநியாயம். இரண்டாவது, மற்ற மாணவர்களுக்கு அந்த வரி செத்துப்போனதாக அர்த்தம். அவர் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, கூட்டம் குறையும்வரை காத்திருந்து பேசினார். அன்றிரவு குறிப்பேட்டில் அந்த வரி எதற்காக இருக்கிறது என்று தமக்கே கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். வருகைப் பதிவேட்டுக்காக அந்த வரி எழுதப்படவில்லை. ஐந்து விநாடித் துரத்தலில் பதினொருவரில் ஒருவர் மற்றவர்களோடு பழகாதவராக இருந்தால், அவர் நிற்கும் இடத்தில் ஓட்டை விழும். அரையிறுதியில் விழுந்ததும் அதே ஓட்டை.

காரணம் தெளிவானதும் வழியும் கிடைத்தது. காலையில் தனியாக வந்து கோல் அடித்துப் பழகினால் போதுமா? போதாது; அது அவருடைய திறமையைக் காக்கும், துரத்தலைக் கற்றுத்தராது. மற்றவர்களோடு சேர்ந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆட வேண்டும். மற்ற நாள் பயிற்சி காலை ஆறு மணிக்கு இருக்கலாம். கோல்கீப்பரும் இன்னும் இருவரும் அவரோடு வர ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மாலைகளில் கடையைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொள்ள ஏற்பாடானது. அந்த மாணவரின் சம்மதத்தோடு பயிற்சியாளர் இதை அணி முழுவதற்கும் சொன்னார். வரியோடு ஓர் ஒட்டு சேர்ந்தது: நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், அளவைக் குறைக்க முடியாது; மாற்றம் வேண்டுமென்றால் ஆடுபவரே முன்கூட்டி வந்து கேட்க வேண்டும்.

“எனக்கும் டியூஷன் இருக்கிறது, நேரம் மாற்றித்தருவீர்களா சார்?” என்று ஒருவர் கேட்டார். தருகிறேன், காலை ஆறு மணிக்கு வா என்றார் பயிற்சியாளர். அவர் மறுபடி கேட்கவில்லை. இன்னொருவர் கேட்டார், வந்தார், பருவம் முடியும்வரை வந்தார்.

இது கொள்கையைத் தளர்த்திய செயல் என்று சில சக பயிற்சியாளர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆட்டத்தில் உட்காரவைக்காமல் இருந்திருந்தால் தளர்த்தல். காரணத்தைத் தேடிப் போகாமல் உட்காரவைத்துக்கொண்டே இருந்திருந்தால் பிடிவாதம். அடுத்த இரண்டு ஆட்டங்களில் அந்த மாணவர் மாற்று ஆளாக இறங்கினார்; கூட்டுத் துரத்தல் பழகிய பிறகே தொடக்கப் பதினொருவரில் இடம் பெற்றார். அந்த வரிசை சரியானது.

பின்விளைவு

இரண்டாம் பருவத்தில் அணி இறுதி ஆட்டம் வரை போய் 2-1 என்று தோற்றது. கோப்பை வரவில்லை. அந்த ஆட்டத்திலும் ஒரு பச்சை அட்டை கிடைத்தது, மறுபடி 2 நிமிடம் பத்துப் பேர். இம்முறை கேப்டன் கையை உயர்த்திக் காட்டியதும் எல்லோரும் நடுக்கோட்டுக்குப் பின்னால் கூடினார்கள். அந்த 2 நிமிடத்தில் பந்து டி வட்டத்துக்குள் வரவே இல்லை. வெளியே நின்ற பயிற்சியாளர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தோற்ற கோல் பிறகு வந்தது, எதிரணியின் நேர்த்தியான கார்னரில்.

பல்கலைக்கழக அணிக்கு முந்தைய ஆண்டு இங்கிருந்து ஒருவர் தேர்வானார். இந்த ஆண்டு மூவர். அவர்களில் ஒருவர் முந்தைய பருவத்தில் அதிகமும் வெளியே உட்கார்ந்திருந்தவர். துண்டுத்தாள் கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது. விடைகள் சொற்களில் வேறுபட்டாலும் பொருளில் ஒன்றுபட்டன. ஒருவர் மட்டும், செயற்கைத் தரையில் இந்தத் துரத்தல் பலிக்கவில்லை என்று விளக்கி எழுதியிருந்தார். அது உண்மை, பயிற்சியாளர் அந்தத் தாளையும் ஒட்டிவைத்திருக்கிறார்.

நான்காம் வரியால் தேர்வு மாதத்தில் பயிற்சி மெலிந்தது. அதையடுத்து வந்த அழைப்புப் போட்டி ஒன்றில் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அரியர் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். இந்தப் பரிமாற்றம் தெரிந்தே செய்யப்பட்டது.

பலிக்காதது மூன்றாம் வரி. மூத்த மாணவர்களுக்கு அமைதி சுதந்திரமாக இருந்தது. முதலாமாண்டு ஃபுல் பேக் இருவருக்கு அது கைவிடப்பட்டது போல இருந்தது. அதுவரை ஒவ்வொரு நகர்வுக்கும் குரல் கேட்டே வளர்ந்தவர்கள், குரல் நின்றதும் திகைத்தார்கள். அவர்களில் ஒருவர் பருவத்தின் நடுவில் அணியை விட்டுப் போனார். மூன்றாமாண்டு மாணவர் ஒருவரும் போனார். அவருக்குத் தொடக்கப் பதினொருவரில் நிரந்தர இடம் இல்லை என்பது மனத்தாங்கல். இரண்டாவது இழப்பு கொள்கையின் விலை. முதலாவது இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

எதை மாற்றலாம்

குரல் கொடுக்கும் பொறுப்பைப் பயிற்சியாளர் கீழே வைத்தபோது அதை யார் எடுப்பது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. கோல்கீப்பருக்கு மைதானம் முழுவதும் தெரியும். பயிற்சியில் எண்ணுபவரும் அவரே. ஆட்டத்தில் பின்களத்தை அவர் வழிநடத்த வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்த முதலாமாண்டு மாணவர் தனித்துப்போயிருக்க மாட்டார். இப்போது மூன்றாம் வரியில் கோல்கீப்பரின் பெயர் சேர்ந்திருக்கிறது. புதியவர்களுக்கு முதல் சில ஆட்டங்களில் இடைவேளையின்போது பயிற்சியாளர் தனியாக ஒரே ஒரு செய்தி சொல்வார் என்பதும் சேர்ந்திருக்கிறது.

மாணவர்களின் பங்கு தாமதமாக வந்தது இன்னொரு குறை. நான்கு வரிகளையும் பயிற்சியாளர் தனியே எழுதி ஜூலையில் படித்துக்காட்டினார். டீக்கடை விஷயத்தைக் கேப்டனிடம் முன்பே கேட்கும் வழக்கம் இருந்திருந்தால், அந்த மாணவர் ஓர் ஆட்டம் முழுவதும் காரணம் சொல்லாமல் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை கேப்டனும் ஒவ்வோர் ஆண்டு மாணவர்களில் ஒருவரும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பேசுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. செயற்கைத் தரைக்கு முதல் வரியைத் திருத்தி எழுதும் பொறுப்பு, அந்த மாறுபட்ட விடையை எழுதிய மாணவரிடம் போயிருக்கிறது. கேட்டதும் அவரே முன்வந்து தாம் எழுதியது என்றார்.

நிர்வாகத்திடம் முன்கூட்டிப் பேசாதது மூன்றாவது. முதல்வருக்குக் கொள்கை தெரிந்தது, சென்டர் ஃபார்வர்டு வெளியே உட்கார்ந்த அன்றுதான். அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கையோடு நான்கு வரிகளும் அவற்றுக்கான காரணங்களும் ஒரே தாளில் மேலே போயிருக்கின்றன. பயிற்சியாளரின் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கோல்கீப்பருக்குப் புதிய காப்புகள் வாங்க அனுமதி கிடைத்துவிட்டது. செயற்கைத் தரையில் கூடுதல் காலைகளுக்கான கட்டணம் பற்றிய முடிவு வரவில்லை.